ஓய்வாக ஒரு வாரம்: எந்தக் கிரேக்கத் தீவு?

கேள்வி: எங்கள் திருமணத்தின் 25ஆவது ஆண்டு நிறைவுக்கு, நானும் கணவரும் கிரேக்கத் தீவொன்றில் ஒரு வாரம் தங்க விரும்புகிறோம். பிள்ளைகள் சந்தோரினிக்குப் போகச் சொல்கிறார்கள். கூட்டமும் படிகளும் எங்களுக்கு ஒத்துவருமா?
வாசகி, கொக்குவில்

பதில்: சந்தோரினி அழகானதுதான், ஆனால் எரிமலை வாயின் விளிம்பில், படிப்படியாக அமைந்த அதன் ஊர்கள் கோடையில் சனத்தால் நிரம்பிவிடும். நீங்கள் கேட்கும் அமைதிக்கு நான் நக்ஸோஸையே சொல்வேன். சந்தோரினியும் அடங்கும் சிக்லடீஸ் தீவுக்கூட்டத்தில் மிகப் பெரியதான அதற்கு, ஏதென்ஸின் பிரேயஸ் துறைமுகத்திலிருந்து கப்பலில் ஏறக்குறைய ஐந்து மணி நேரத்தில் போய்ச் சேரலாம்.

துறைமுகத்தருகே, கி.மு. ஆறாம் நூற்றாண்டில் தொடங்கி முடிக்கப்படாமலே நின்றுபோன கோயிலொன்றின் பளிங்கு வாயில், ஏறத்தாழ 6 மீற்றர் உயரத்தில் தனித்து நிற்கிறது. மாலையில் இருவருமாக அங்கே போயிருங்கள். கூரையும் சுவருமற்ற அந்த வாயிலினூடாகச் சூரியன் கடலில் இறங்குவதைப் பார்ப்பதற்கென்றே ஒரு பொழுதை ஒதுக்கலாம். நெடுந்தீவின் முருகைக்கல் வேலிகளைப் பார்த்து வளர்ந்தவர்களுக்கு, உள்ளூர்க் கிராமங்களின் கல்மதில்கள் அந்நியமாகத் தோன்றா. பளிங்குக்கல் பாவிய அப்பிராந்தோஸ் ஊரின் ஒழுங்கைகளில் ஆறுதலாக நடவுங்கள். தீவின் உருளைக்கிழங்கும் பாற்கட்டியும் பேர்பெற்றவை.

யூலை, ஓகஸ்ட் மாதங்களில் வடகாற்று பலமாக வீசுவதால், கடல் இன்னும் வெதுவெதுப்பாக இருக்கும் செப்டெம்பரே உகந்தது. கிரேக்கம் உட்பட்ட ஐரோப்பிய நாடுகளுக்கான பொது விசாவான ஷெங்கன் விசாவுக்குப் பயணத்துக்கு ஆறு மாதங்கள் முன்பிருந்தே விண்ணப்பிக்கலாம். கடைசி நேரம்வரை வைத்திருக்க வேண்டாம்.