மழை பெஞ்சா டிவி ஒடையுதா? பூஸ்டர கழட்டிட்டு கேபிள் முனைய பாருங்க

மலேசியாவுல, கெடா மாநிலத்து சுங்கை பட்டாணில இருந்து ஒரு அக்கா கேட்டிருக்காங்க. தாமான் (குடியிருப்பு) வீடு, கூரை மேல டவர்ல இருந்து வர்ற யூஎச்எஃப் டிவி அலைய பிடிக்கிற பழைய ஆண்டெனா, கீழ இலவச டிஜிட்டல் டிவி பாக்குற மைஃப்ரீவியூ டிகோடர் பொட்டி. மழை வந்தாலே டிவி2 தமிழ் செய்தி கட்டம் கட்டமா ஒடஞ்சு அப்படியே நிக்குதாம். கடையில சொன்னாங்கன்னு சிக்னல கூட்டுற பூஸ்டர் வாங்கி மாட்டினா, இப்போ வெயில் அடிக்கும்போதும் பாதி சேனல் காணோம். டிகோடர் மெனுல ஸ்ட்ரெந்த் 95 காட்டுது, குவாலிட்டி மட்டும் 20, 30ன்னு ஆடுது, டிகோடர மாத்தணுமான்னு கேக்குறாங்க.

வேணாங்க்கா, டிகோடர் மேல எனக்கு சந்தேகமே இல்ல. நீங்க குடுத்த அந்த ரெண்டு நம்பர்லயே பாதி விடை இருக்கு. ஸ்ட்ரெந்த்ங்கிறது உள்ள வர்றது எவ்வளவு சத்தமா வருதுங்கிறது, குவாலிட்டிங்கிறது அது எவ்வளவு தெளிவா வருதுங்கிறது. நமக்கு வேண்டியது குவாலிட்டி. பூஸ்டர் சத்தத்ததான் கூட்டும், கூடவே இரைச்சலையும் கூட்டும். அதுவும் உங்க ஊருக்கு குனோங் ஜெராய் டவர் பக்கம், 1,200 மீட்டருக்கு மேல உயரமான மலை, மறைப்பு இல்லாத வீட்டுக்கு சிக்னல் ஏற்கெனவே நல்லா வரும், அதுக்கு மேல பூஸ்டர் போட்டா பூஸ்டரே திணறி சிக்னல கெடுத்துரும். மொதல்ல அத கழட்டிட்டு கேபிள நேரா டிகோடர்ல குத்துங்க, டிகோடர் மெனுல ஆண்டெனா பவர் (கேபிள் வழியா பூஸ்டருக்கு கரண்ட் அனுப்புறது) ஆன்ல இருந்தா ஆஃப் பண்ணிருங்க.

சரி, பூஸ்டருக்கு முன்னாடியே மழையில ஒடஞ்சுச்சே, அது ஏன்? தட்டு வச்சு பாக்குற சேட்டிலைட் டிவிதான் பெரிய மழைக்கு போகும், அந்த அலை அப்படி. யூஎச்எஃப் அலைய மழைத்துளி ஒண்ணும் பண்ணாது. அதனால மழையில யூஎச்எஃப் ஒடையுதுன்னா பெரும்பாலும் எங்கயோ தண்ணி எறங்குதுன்னுதான் அர்த்தம், இல்லன்னா ஆண்டெனாக்கு நேர் எதிர்ல ஒரு பெரிய மரம் இலை நனைஞ்சு மறைக்குது. அனலாக் காலத்துல இந்த மாதிரி கோளாறு புள்ளி புள்ளியா தெரியும், பொறுத்துக்கிட்டு பாத்தோம், 2019ல அனலாக்கே போயிருச்சு. டிஜிட்டல், சிக்னல்ல வர்ற தப்ப தானே திருத்திக்கிட்டே வரும், கடைசி வரைக்கும் படம் பளிச்சுன்னு இருக்கும், எல்லை தாண்டின உடனே மொத்தமா விழுந்துரும். ஒரே அலைவரிசையில பல சேனல் சேர்ந்து வர்றதால விழுந்தா கூட்டாத்தான் விழும்.

வெயில் நாள்ல, இடி மின்னல் இல்லாதப்போ, டிகோடர் பிளக்க பிடுங்கிட்டு, ஏணி ஏறி பழக்கமான ஒருத்தர விட்டு ஆண்டெனா நடுவுல இருக்கிற கறுப்பு பொட்டிய தெறக்க சொல்லுங்க. நான் பாத்த வீடுகள்ல முக்கால்வாசி கோளாறு அங்கதான் இருந்துச்சு. நடுக்கம்பில பச்சையா களிம்பு பூத்திருக்கும், சுத்தி இருக்கிற பின்னல் கம்பி கறுத்துப் போயி தொட்டா பொடியா உதிரும். அப்படி இருந்தா முனைய மட்டும் வெட்டிட்டு மாட்டாதீங்க, தண்ணி கேபிளுக்குள்ளயே ஓடியிருக்கும், முழுசா புது ஆர்ஜி6 (டிவி ஆண்டெனாக்கு போடுற வகை) கேபிள் போடுங்க. கேபிள் முனையில எஃப் கனெக்டர் (திருகி மாட்டுற முனை) மாட்டும்போது பின்னல்ல இருந்து ஒரே ஒரு இழை நடுக்கம்பிய தொட்டாலும் சேனல் போயிரும், அத வெளிச்சத்துல வச்சு பாக்கணும். வெளி இணைப்புக்கு மேல ரப்பர் டேப் இறுக்கி சுத்துங்க, சுவத்துக்குள்ள நுழையுறதுக்கு முன்னாடி கேபிள் கொஞ்சம் கீழ தொங்கி மேல ஏறுற மாதிரி ஒரு வளைவு விடுங்க, தண்ணி அங்கேயே சொட்டிரும்.

ரெண்டு டிவிக்கு பிரிச்சிருந்தா அந்த ஸ்பிளிட்டரையும் ஒரு நாள் எடுத்துட்டு பாருங்க, அது பாதி சிக்னலுக்கு மேல தின்னும்.

இவ்வளவும் பண்ணி, மழை இல்லாதப்பவே குவாலிட்டி ஆடுதுன்னா, பக்கத்துல போன் டவர் இருக்கான்னு பாருங்க. முன்னாடி டிவிக்கு இருந்த 700 மெகாஹெர்ட்ஸ் இப்போ 5ஜிக்கு போயிருச்சு, பழைய ஆண்டெனா அதையும் சேத்து உள்ள இழுக்கும். அந்த போன் சிக்னல தடுக்குறதுக்குன்னு எல்டிஇ ஃபில்டர்னு சின்னதா ஒண்ணு விக்குது, கேபிளுக்கும் டிகோடருக்கும் நடுவுல மாட்டுறது. ஆனா அத இப்பவே வாங்காதீங்க்கா, பூஸ்டர் இல்லாம குவாலிட்டி எவ்வளவு காட்டுது, அந்த பொட்டிக்குள்ள என்ன இருந்துச்சுன்னு மொதல்ல எனக்கு எழுதுங்க.