பலாலி வழியா, கட்டுநாயக்கவா?

வணக்கம். யாழ்ப்பாணத்தின் பலாலி விமான நிலையத்திலிருந்து சென்னைக்கு ஒரு சீட்டும், அங்கிருந்து 3 மணி நேரம் கழித்துச் சிங்கப்பூருக்கு வேறொரு நிறுவனத்தின் சீட்டுமாக, 68 வயது அம்மாவுக்குப் பதிவு செய்யலாமா என்று கேட்டிருந்தீர்கள். வேண்டாம் என்பதே என் பதில்.

தனித்தனிச் சீட்டுகள் என்றால், பெட்டி பெரும்பாலும் நேரே சிங்கப்பூர் போகாது. அம்மா சென்னையில் குடிவரவைக் கடந்து, பெட்டியை எடுத்துக்கொண்டு, மீண்டும் புறப்பாட்டு வரிசையில் நின்று அதை ஒப்படைக்க வேண்டியிருக்கும், அதற்கு இந்திய விசாவும் வேண்டும். முதல் விமானம் தாமதித்தால், இரண்டாம் நிறுவனம் அவரை வராத பயணியாகவே கணக்கிடும், காசும் திரும்பாது.

கொழும்புக்கு வடக்கேயுள்ள கட்டுநாயக்க விமான நிலையத்திலிருந்து சிங்கப்பூருக்கு நேரடி விமானம் சுமார் 4 மணி நேரந்தான். யாழ்ப்பாணத்திலிருந்து புத்தளம், சிலாபம், நீர்கொழும்பு வழியாக வாகனத்தில் வந்தால் கொழும்பு நெரிசலுக்குள் நுழையவே தேவையில்லை. (இரவுப் பயணம் அலுப்புத்தான், ஆனால் பெட்டி கண்முன்னே இருக்கும்.)

பெயரை முன்னெழுத்தாகச் சுருக்காமல் கடவுச்சீட்டில் உள்ளபடியே பதியுங்கள். கடவுச்சீட்டு, சிங்கப்பூரில் நுழையும் நாளிலிருந்து 6 மாதமாவது செல்லுபடியாக வேண்டும். சிங்கப்பூர் வருகை அட்டையைப் பயணத்துக்கு முந்தைய 3 நாட்களுக்குள் இணையத்தில் நிரப்புங்கள். அதற்குக் கட்டணம் இல்லை.