குஞ்சைத் தூக்கியது இந்தப் பருந்துதானா?

கேள்வி: விளாத்திகுளம் பக்கம் நாலு ஏக்கர் கரிசலில் மானாவாரியாக உளுந்தும் கம்பும் போட்டிருக்கிறேன். ஐப்பசியில் இருந்து ஒரு பருந்து காலையும் சாயங்காலமும் பயிருக்கு மேலே ஆள் உயரத்தில் அலைகிறது. முதுகு முடிந்து வால் தொடங்கும் இடத்தில் வெள்ளைத் திட்டு. அந்தியில் பக்கத்துத் தரிசுப் புல்லில் நாலைந்து இறங்குகின்றன. இதே சமயத்தில் குடிசையில் வளர்க்கும் நாட்டுக்கோழிக் குஞ்சு பதினொன்றில் ஏழைக் காணோம். கறித்துண்டில் குருணைப் பூச்சிமருந்தைத் தடவி வைக்கச் சொல்கிறார்கள். வைக்கலாமா ஐயா?

பதில்: வைக்காதீர்கள். நீங்கள் சொல்லும் அடையாளத்துக்கு அது பூனைப்பருந்து. பெரும்பாலும் உயிருள்ள இரையைத்தான் அது பிடிக்கும். கறித்துண்டை முதலில் தின்பது காக்கையும் உங்கள் வீட்டு நாயுமாகத்தான் இருக்கும். தவிர, 1972-ஆம் ஆண்டு வன உயிரினப் பாதுகாப்புச் சட்டப்படி இதைக் கொல்வது குற்றம்.

பறக்கும் விதத்தைப் பாருங்கள், சந்தேகமே இருக்காது. கள்ளப்பருந்தும் செம்பருந்தும் உயரத்தில் வட்டமடிக்கும். இது இறக்கையை லேசாக மேலே தூக்கி ‘வி’ போல வைத்துக்கொண்டு, பயிரின் தலையைத் தடவுகிற மாதிரி மிதந்து போகும். சட்டென்று திரும்பி, காலை நீட்டிக்கொண்டு விழும். முகம் ஆந்தை முகம் போலக் கொஞ்சம் வட்டமானது. புல்லுக்குள் எலி ஓடும் சரசரப்பைக் காதால் கேட்டே பிடிக்க அந்த அமைப்பு உதவுகிறது.

வெள்ளைத் திட்டோடு பழுப்பாக இருப்பவை பெண்ணும் இளசும். நம் கரிசலுக்கு வருவதில் மாண்டேகு பூனைப்பருந்து, வெளிறிய பூனைப்பருந்து என்று இரண்டு வகை உண்டு. பெண்ணை வைத்து எது என்று பிரிப்பதில் பழகியவர்களே தடுமாறுவார்கள். சாம்பல் நிற ஆண் வந்தால் சுலபம்: மடக்காத இறக்கையின் மேல்பக்கம், நடுவில் கறுப்புக் கோடு ஓடினால் மாண்டேகு, கோடு இல்லாமல் இறக்கை நுனியில் மட்டும் ஆப்பு போலக் கறுப்பு இருந்தால் வெளிறியது. கண்மாய், வயல் பக்கம் திரியும் சேற்றுப் பூனைப்பருந்து வேறு. அது பெரியது, வெள்ளைத் திட்டும் இருக்காது.

சரி, குஞ்சு விஷயம். மாண்டேகு ஆண் கால் கிலோவுக்குச் சற்று மேல், பெண் முக்கால் கிலோவில் பாதி, அவ்வளவுதான். வெட்டுக்கிளி, சுண்டெலி, ஓணான், வானம்பாடி இவைதான் அதன் சாப்பாடு. காட்டுக்குள் தனியாக அலையும் குஞ்சை ஒருபோதும் எடுக்காது என்று சத்தியம் செய்ய மாட்டேன். ஆனால் குடிசை வாசலுக்கு வந்து ஏழு குஞ்சைத் தூக்கும் பறவை இது இல்லை. வேம்பிலோ உடைமரத்திலோ ஒளிந்திருந்து பாயும் வல்லூறு, காக்கை, கள்ளப்பருந்து, கீரி இவற்றின் மேல்தான் என் சந்தேகம். பகலில் தாய்க்கோழி கத்தி, குஞ்சு குறைந்தால் முதலில் மரத்தடியில் பிய்த்த இறகு கிடக்கிறதா என்று பாருங்கள். இரவில் குறைந்தால் பூனை, மரநாய். குஞ்சுக்கு இரண்டு மாதம் ஆகும்வரை பஞ்சாரத்தில் போட்டு வையுங்கள். வெளியே விடும் இடத்தில் பழைய மீன்வலையை மேலே கட்டி, ஓரத்தில் முள்ளை வெட்டிப் போட்டால் ஓடி ஒளிய இடம் கிடைக்கும்.

என் பேச்சை நம்ப வேண்டாம், நீங்களே சோதித்துப் பாருங்கள். அவை இரவில் தரையிலேயே, புல்லுக்குள் தங்கும். வெயில் ஏறி அவை கிளம்பிய பிறகு அந்த இடத்துக்குப் போனால் புல் அமுங்கிய குழிகளும், பக்கத்தில் கட்டை விரல் பருமனில் காய்ந்த உருண்டைகளும் கிடக்கும். எச்சம் இல்லை, செரிக்காததை வாய் வழியாகக் கக்கியது. ஒன்றைத் தண்ணீரில் ஊறவைத்துக் குச்சியால் பிரியுங்கள். வெட்டுக்கிளியின் தாடையும் கால் துண்டும், எலி முடியும்தான் வரும். குஜராத்தின் வேளாவதர் புல்வெளியில் கூட்டமாகத் தங்கும் இப்பறவைகளுக்கும் வெட்டுக்கிளிதான் முக்கிய உணவு.

இதற்காக உங்கள் உளுந்தின் காய்ப்புழுவையும் இது பார்த்துக்கொள்ளும் என்று இருந்துவிடாதீர்கள். அதற்குக் கரிச்சானும் பனங்காடையும் உட்கார ஏக்கருக்கு 20 பறவை தாங்கிக் குச்சி நடுங்கள். பூனைப்பருந்து பறந்தபடியே வேட்டையாடுவதால் குச்சியைச் சட்டை செய்யாது. எலி மருந்து வைத்தால், அதைத் தின்று செத்த எலியை வேறு உயிர்கள் தின்றுவிடாதபடி பொறுக்கிப் புதைத்துவிடுங்கள்.

இங்கே இவை கூடு கட்டுவதில்லை. கஜகஸ்தான், ரஷ்யப் புல்வெளிகளில் குஞ்சு பொரித்துவிட்டுக் குளிருக்கு இங்கே வருபவை. அதனால் நான் கேட்பது ஒன்றுதான்: அந்தத் தரிசை இப்போது கொளுத்தவோ உழவோ வேண்டாம். பங்குனி முடிவதற்குள் கிளம்பிவிடும், அப்புறம் கோடை உழவு ஓட்டிக்கொள்ளலாம்.