எள்ளுருண்டைக்கு ஒரு செக்ரோல்

அன்புள்ள அக்காவுக்கு,

வணக்கம். ஹப்புத்தளைக்கு அருகே ஒரு தோட்டப் பாடசாலையில் நான் ஆசிரியை. வயது 29. அம்மாவோடு லயத்து வரிசை வீட்டில்தான் இருக்கிறேன். அம்மா 31 வருடம் கொழுந்து எடுத்து ஓய்வு பெற்றவர். இப்போது ஒரு பசு வளர்க்கிறார். நான் இரண்டு வருடங்களாக ஓடிவருகிறேன். வாரநாட்களில் மூன்று தடவை, விடிந்தும் விடியாமலும், தேயிலை மலைகளுக்கு நடுவே 5 கிலோமீட்டர். ஞாயிற்றுக்கிழமைகளில் தம்பேதன்ன தொழிற்சாலையிலிருந்து லிப்டன் சீட் வரை ஏறி இறங்குவேன். போகவர சுமார் 14 கிலோமீட்டர்.

ஒரு வருடமாக மீன், இறைச்சி, முட்டையோடு பாலையும் விட்டுவிட்டேன். இனிப்பை மட்டும் விட முடியவில்லை. ஆகவே சீனி சேர்க்காமல் எள்ளுருண்டை, குரக்கன் உருண்டை, கச்சான் உருண்டை என்று நானே செய்கிறேன். 5 கிலோமீட்டர் ஓடினால் ஓர் உருண்டை என்பது என் கணக்கு. கொப்பியில் எழுதியும் வைக்கிறேன். மழையால் ஓட முடியாத நாளில் தொடமாட்டேன். ஆனால் அப்படி இரண்டு மூன்று நாள் போனால், ஒரே இரவில் டின்னைக் காலி செய்துவிட்டு மறுநாள் தண்டனை போல ஓடுகிறேன். அண்மைக்காலமாக ஏற்றத்தில் மூச்சு வாங்குகிறது. முன்பு இப்படி இல்லை. அம்மாவோ, "மலையேறி மலையேறியே எங்க காலு போச்சு, நீ சும்மா ஓடுற" என்கிறார். நான் பால் தேத்தண்ணி குடிக்காததிலும் அவருக்கு மனத்தாங்கல். ஓட்டம், தின்பண்டம், வீடு இம்மூன்றையும் எப்படி ஒன்றாகக் கொண்டுபோவது?

– ஒரு வாசகி

அன்புள்ள தங்கைக்கு,

உங்கள் கொப்பியைப் பற்றித்தான் முதலில் சொல்லத் தோன்றுகிறது. தோட்டத்தில் பிறந்த எவருக்கும் அது என்ன கொப்பி என்று பார்த்த மாத்திரத்தில் விளங்கும். அது செக்ரோல், தோட்டத்தில் ஆளின் வேலையையும் சம்பளத்தையும் பதியும் பேரேடு. சொன்ன கிலோவை எடுத்தால் முழுப் பேர், அதாவது முழுநாள் சம்பளம், குறைந்தால் அரைப் பேர், மழை பிடித்து வேலை நின்றால் பேரே இல்லை. தராசின் முன்னால் நின்று, ஈரக் கொழுந்து என்று கழிக்கப்பட்ட கிலோவைப் பற்றி ஒரு வார்த்தை கேட்க முடியாமல் உங்கள் அம்மா 31 வருடம் பார்த்து வந்த அதே கணக்கை, எவரும் கேட்காமலேயே நீங்கள் உங்கள் வயிற்றுக்கு எழுதிக்கொண்டிருக்கிறீர்கள். கொழுந்துக்காரியும் நீங்கள்தான், கணக்கப்பிள்ளையும் நீங்கள்தான். மழை நாளில் பேர் விழாமல் இருந்தவர் மூன்றாம் நாள் டின்னைக் காலி செய்கிறார் என்றால், அதைப் பலவீனம் என்று நான் சொல்லமாட்டேன். அரைப்பட்டினி கிடந்த உடம்பு தனக்குச் சேர வேண்டியதைக் கேட்டு வாங்குகிறது.

கணக்கென்றே வைத்துக்கொண்டாலும் உங்கள் கணக்கு பிழை. சமதரையில் ஓடும்போது, எடையில் ஒவ்வொரு கிலோவுக்கும் ஒரு கிலோமீட்டருக்கு ஏறத்தாழ ஒரு கலோரி செலவாகும் என்பது பொதுவான மதிப்பீடு. 50 கிலோ எடையுள்ளவர் 5 கிலோமீட்டர் ஓடினால் 250 கலோரி. நம்முடைய ஏற்றங்களில் அதற்கும் கூடுதலாகப் போகும். 25 கிராம் எள்ளுருண்டை ஒன்றில் 120 கலோரி அளவில்தான் இருக்கும். ஆக, உங்கள் செக்ரோலின்படியே பார்த்தாலும் உடம்புக்குப் பாதிச் சம்பளம்தான் போகிறது. மீதியை அது எங்கிருந்தோ கழித்துக்கொள்ளும். பெண்களுக்கு அது முதலில் தெரிவது மாதவிடாய் தள்ளிப்போவதில். அப்படி ஏதும் இருந்தால் ஓட்டத்தைக் குறைத்துவிட்டு மருத்துவரைப் பாருங்கள். இதை ஏன் பொதுவில் எழுதுகிறேன் என்றால், ஓடும் பெண்களில் பலர் அதை நல்ல பயிற்சியின் அடையாளம் என்று நினைத்துக்கொள்கிறார்கள்.

அடுத்தது, உருண்டையை எப்போது தின்பது என்பது. இதை நான் பட்டுத்தான் படித்தேன். சில வருடங்களுக்கு முன் சிவனொளிபாத மலைக்கு நல்லதண்ணிப் பக்கமாக, இரவில் இல்லாமல் விடிந்த பிறகு, முடிந்த இடங்களில் ஓடியும் முடியாத இடங்களில் நடந்தும் ஏறினேன். கையில் ஆறு எள்ளுருண்டைகள், எல்லாம் நல்ல சாமான்: எள், கச்சான், தேங்காய்ப்பூ, கித்துள் பாணி. பாதி வழியில் மூன்றை ஒன்றன்பின் ஒன்றாகத் தின்றேன். அரைமணி நேரத்தில் வயிறு கல்லாகிவிட்டது. அந்தப் பாதையில் 5,000க்கும் மேற்பட்ட படிகள் இருக்கின்றன. ஒவ்வொரு படியிலும் அந்த மூன்று உருண்டைகளும் உள்ளே உருளுவதை நான் உணர்ந்தேன். கொழுப்பும் நாரும் இரைப்பையில் தங்கி மெதுவாகத்தான் இறங்கும். வீட்டு மேசையில் அது நல்ல குணம், பசி அடங்கும். ஏற்றத்தில், இரத்தம் காலுக்கு ஓடிக்கொண்டிருக்கும்போது, அதே குணம் எதிரியாகிவிடுகிறது. என் அருகில் ஒரு கிழவி, மடியில் முடிந்திருந்த கித்துள் கருப்பட்டித் துண்டை அவ்வப்போது கடித்தபடி, வெறும் தேத்தண்ணியோடு நிதானமாக ஏறிப்போய் எனக்கு முன்பே உச்சியில் உட்கார்ந்திருந்தார்.

"சீனி கெட்டது, கருப்பட்டி நல்லது, எள் அதைவிட நல்லது" என்று வரிசைப்படுத்திப் பழகிய நமக்கு இது ஒப்புக்கொள்ளக் கடினமாக இருக்கும். கருப்பட்டியும் பெரும்பாலும் சர்க்கரைதான். ஒரு பிடி தாதுச்சத்து கூடுதலாக இருப்பதால் மருந்தாகிவிடாது. ஆனால் ஓடிக்கொண்டிருக்கும் உடம்புக்கு அந்த நேரத்தில் வேண்டியது அதுதான். உங்கள் 5 கிலோமீட்டருக்கு நடுவில் ஒன்றும் தேவையில்லை. ஞாயிறு ஓட்டம் ஒன்றரை, இரண்டு மணி நேரம் போகிறதென்றால் மணிக்கு 30 முதல் 60 கிராம் மாச்சத்து என்பது விளையாட்டு உணவியலாளர் சொல்லும் அளவு. ஒரு வாழைப்பழமும் விரல் பருமனில் ஒரு கருப்பட்டித் துண்டும் 30 கிராமுக்கு வந்துவிடும். அவித்த வத்தாளங்கிழங்கை உப்புத் தொட்டு எடுத்துப்போவதும் எனக்கு ஒத்துவந்திருக்கிறது. ஆடி, ஆவணியில் ஊவாப் பக்கம் கச்சான் என்னும் மேல்காற்று அடிக்கும்போது உப்பு கட்டாயம். குளிரும் காற்றும் சேர்ந்து வியர்வையை உடனுக்குடன் உலர்த்திவிடுவதால், எவ்வளவு போயிற்று என்றே தெரியாது. எள்ளுருண்டை ஓடி முடித்து, குளித்து, உட்கார்ந்த பிறகு. ஓடாத நாளிலும் ஒன்று, மழை நாளிலும் ஒன்று. அது உணவு, கூலி அல்ல.

மூச்சு வாங்குவது பற்றி. நான் வைத்தியர் இல்லை. ஆனால் நீங்கள் எழுதியதைப் படித்தவுடன் எனக்கு இரும்புச்சத்து நினைவுக்கு வந்தது. பக்கத்து வைத்தியசாலையில் ஹீமோகுளோபினும், உடம்பின் இரும்புச் சேமிப்பைக் காட்டும் ஃபெரிட்டினும் பார்க்கச் சொல்லிக் கேளுங்கள். முன்னது சரியாக இருந்து பின்னது குறைந்திருக்கும் ஓட்டக்காரிகள் உண்டு. தாவர உணவிலுள்ள இரும்பை உடம்பு எடுத்துக்கொள்வது ஏற்கெனவே கடினம். அதன்மேல் நாம் தேத்தண்ணியை ஊற்றுகிறோம். தேயிலையிலுள்ள துவர்ப்புப் பொருள்கள் அந்த இரும்பைப் பிடித்துவைத்துக்கொள்ளும். ரொட்டியைக் கடிப்பதும் தேத்தண்ணியை உறிஞ்சுவதும் ஒரே காரியம் என்று வளர்ந்த ஊரில் இதைச் சொல்வது கொஞ்சம் துணிச்சல்தான். உலகத்துக்கே தேயிலை அனுப்பும் மலையில் இரத்தசோகை இவ்வளவு இருப்பதற்கு வறுமை முதற் காரணம் என்றாலும், இந்தப் பழக்கத்துக்கும் அதில் ஒரு பங்கு உண்டு. சாப்பிட்டு ஒரு மணி நேரமாவது போன பிறகு குடியுங்கள். சாப்பாட்டோடு தேசிக்காய்ப் புளியோ கொய்யாப்பழமோ இருக்கட்டும். 100 கிராம் கொய்யாவில் 200 மில்லிகிராமுக்கும் மேல் வைட்டமின் சி இருக்கிறது, அது இரும்பை உள்ளே சேர்க்கும். உங்கள் பாதையோரத்தில் அது சும்மா விழுந்து கிடக்கும்.

வைட்டமின் பி12 ஐப் பற்றிப் பேரம் பேச வேண்டாம். பாலையும் விட்டவருக்கு அது எந்தக் கீரையிலிருந்தும் நம்பகமாகக் கிடைக்காது. நம் பாட்டிமார் சைவமாகவே 90 வயது வாழ்ந்தார்களே என்று சிலர் கேட்பார்கள். அவர்களுடைய சைவத்தில் தயிரும் மோரும் இருந்தன. மாத்திரை எடுத்துக்கொள்ளுங்கள்.

உண்மையில், ஓட்டத்தைத் தூக்கி நிறுத்துவது உருண்டை அல்ல, வேளைச் சாப்பாடு. பலர் தின்பண்டத்தை ஆரோக்கியமாக்குவதில் அரைநாளைச் செலவழித்துவிட்டு, இரவுக்குக் கோதுமை மா ரொட்டியும் சம்பலும் மட்டும் தின்று படுக்கிறார்கள். ரொட்டி நல்லதுதான், ஆனால் இறக்கத்தில் ஓடிய தொடை மறுநாளும் அதற்கு மறுநாளும் வலிக்கும்போது, அந்தத் தசையைச் சீர்செய்யப் புரதம் வேண்டும். அவித்த கௌபி, பருப்பு, கடலை, சோயா மீட் இவற்றில் ஒன்று ஒவ்வொரு வேளையும் தட்டில் இருக்கட்டும். ரொட்டி மாவில் மூன்றில் ஒரு பங்கு குரக்கன் மா கலந்தால், பாலை விட்டதால் குறைந்த கல்சியத்தில் ஒரு பகுதி திரும்பி வரும். 100 கிராம் குரக்கனில் 340 மில்லிகிராம் அளவில் அது உண்டு. வல்லாரைச் சம்பல் நல்லது. கடைச் சம்பலில் மட்டும் கவனம். நம் பக்கத்தில் மாசிக் கருவாடு போடாத சம்பலைச் சம்பல் என்றே பலர் ஒப்புக்கொள்வதில்லை.

இனி அம்மா. "சும்மா ஓடுற" என்ற சொல்லில் கேலியைவிட வலி அதிகம் என்று நினைக்கிறேன். கண்டிக்கு அருகே ஹந்தானையில் தொடங்கி நுவரெலியாவில் முடியும் பீக்கோ டிரெயில் என்னும் நடைப்பாதையில், 300 கிலோமீட்டருக்கும் அதிகமான தூரத்தை 22 கட்டங்களாக நடக்க வெளிநாட்டவர்கள் வருகிறார்கள். அவர்கள் ரசித்து நடக்கும் பாதைகளில் பல, தேயிலை ஏற்றிப்போன பழைய வண்டிப்பாதைகள்தாம். அந்தப் பாதைகளில் சுமையோடு ஏறியவருக்கு, சுமையில்லாமல் ஒருத்தி வேண்டுமென்றே ஏறுவது விளங்காமல் போவதில் வியப்பில்லை. விளக்கம் சொல்லாதீர்கள், கேளுங்கள். ஈரத்தில் 20 கிலோ கொழுந்தோடு செங்குத்தான மலையில் எப்படி இறங்கினீர்கள் என்று கேளுங்கள். என் அம்மாயியிடம் நான் கேட்டபோது அவர் எழுந்து நின்று முற்றத்திலேயே செய்துகாட்டினார்: முழங்கால் கொஞ்சம் மடங்கியிருக்க வேண்டும், அடி சின்னதாக இருக்க வேண்டும், பின்னால் சாயக்கூடாது, கண் அடுத்த அடியில் அல்ல, அதற்கடுத்த அடியில் இருக்க வேண்டும். பிறகு ஒரு பயிற்சியாளரும் எனக்கு அதையேதான் சொன்னார், காசு வாங்கிக்கொண்டு. அட்டைக்குக் கணுக்காலில் சவர்க்காரம் தேய்ப்பதையும் அம்மாயியிடம்தான் கற்றேன்.

பாலை நீங்கள் குடிக்காமல் இருப்பது உங்கள் முடிவு. பசு அவருடைய வருமானம், அவருடைய துணையும்கூட. அதைப் பற்றி வீட்டில் பிரசங்கம் வேண்டாம். அவர் மனத்தாங்கல் பாலுக்காக அல்ல, தன் கையால் ஊற்றிக் கொடுத்ததை நீங்கள் மறுப்பதற்காக என்று படுகிறது. பின்னேரம் அவரோடு உட்கார்ந்து, அவர் ஊற்றும் வெறும் தேத்தண்ணியை உள்ளங்கைக் கருப்பட்டியோடு குடியுங்கள். உருண்டையையும் அவர் கையால் பிடிக்கச் சொல்லலாம். சூடான பாகில் கை வைக்கும் பழக்கம் அந்தத் தலைமுறைக்குத்தான் உண்டு.

நீங்கள் கேட்கவில்லை என்றாலும் என் செய்முறையைச் சொல்லிவிடுகிறேன். ஒரு கோப்பை எள்ளை வெறும் சட்டியில், சிறு நெருப்பில், வெடிக்கத் தொடங்கும் வரை வறுத்து இறக்குங்கள், கறுத்தால் கசக்கும். அதே சட்டியில் அரைக் கோப்பை குரக்கன் மாவை வாசம் வரும்வரை வறுத்து, தேங்காய்ப்பூவை ஈரம் போக வறுத்துச் சேருங்கள். எள்ளில் பாதியை மட்டும் இடியுங்கள். முக்கால் கோப்பை கித்துள் பாணியை, தண்ணீரில் ஒரு துளி விட்டால் உருண்டு நிற்கும் வரை காய்ச்சி ஊற்றி, உப்பு ஒரு சிட்டிகை, சுக்கு கொஞ்சம் போட்டுக் கிளறி, கை பொறுக்கும் சூட்டில் சிறு தேசிக்காய் அளவில் பிடியுங்கள். மலிவாகக் கிடைக்கும் பாணியில் சீனிப்பாகு கலந்திருக்கும். அதில் பிடித்தவை மறுநாள் மேலே வெள்ளை பூத்துச் சொரசொரப்பாகிவிடும், தெரிந்தவரிடம் வாங்குவது நல்லது. ஹப்புத்தளை மூட்டத்தில் இது ஐந்தாம் நாளுக்கு மேல் இளகிவிடும் என்பதால் ஒரு தடவைக்கு 20க்கு மேல் பிடிக்காதீர்கள்.

அன்புடன்,
அக்கா