அப்பா அம்மா போனபிறகு பாகத் தகராறு: கேட்டவர்களுக்கு என் பதில்கள்

பத்திர ஆபீஸ் வாசலில் முப்பது வருடத்துக்கு மேல் உட்கார்ந்து பாகப் பிரிவினையும், பங்கை விட்டுக்கொடுக்கும் விடுதலைப் பத்திரமும் எழுதியவன் நான். வக்கீல் இல்லை, கோர்ட்டில் வாதாட மாட்டேன், ஆனால் எந்த வரியை எழுதினால் எந்தக் குடும்பம் உடையும் என்று ஓரளவு தெரியும். கேட்ட எல்லோரும் தமிழ்நாட்டு இந்துக் குடும்பங்கள் என்பதால் இந்து வாரிசுரிமைச் சட்டத்தை வைத்தே சொல்கிறேன். கிறிஸ்தவர்களுக்கும் இஸ்லாமியர்களுக்கும் பங்குக் கணக்கு வேறு, இதை அப்படியே எடுத்துக்கொள்ள வேண்டாம்.

ஐயா, எனக்கு 1985-ல் கல்யாணம். அப்பா 2003-ல் உயில் எழுதாமல் இறந்தார், அம்மா போன வருடம். வீடு அப்பா சம்பாதித்துக் கட்டியது. "89-க்கு முன்னாடி கட்டிக்கொடுத்த பெண்ணுக்குப் பங்கு கிடையாது, உனக்கு 40 பவுன் போட்டாச்சு" என்கிறார் அண்ணன். நாங்கள் இரண்டே பிள்ளைகள்.

உங்கள் அண்ணன் பாதிச் சட்டத்தைக் கேட்டுவிட்டு வந்திருக்கிறார் அம்மா. அந்த 1989 கணக்கு பூர்வீகச் சொத்துக்கு வந்தது. 25-3-1989 அன்று கல்யாணம் ஆகாமல் இருந்த பெண்களுக்குத் தமிழ்நாடு அதில் பங்கு கொடுத்தது. பிறகு 9-9-2005 முதல் மத்திய சட்டம் கல்யாணம் ஆனவர், ஆகாதவர் எல்லோருக்கும் கொடுத்தது. அந்தத் தேதியில் அப்பா உயிரோடு இருந்திருக்க வேண்டுமா என்று பல வருடம் இழுத்துக்கொண்டிருந்த கேள்விக்கு, வேண்டியதில்லை என்று உச்ச நீதிமன்றம் 2020 ஆகஸ்டில் முடிவு சொன்னது. 20-12-2004-க்கு முன்பே முறையாகப் பிரித்துப் பதிவு செய்திருந்தால் அதைக் கிளற முடியாது.

உங்கள் வீட்டுக்கு இந்தப் பஞ்சாயத்தே தேவையில்லை. அப்பா தானே சம்பாதித்த சுயார்ஜித சொத்து, உயில் இல்லை, ஆகவே 1956 இந்து வாரிசுரிமைச் சட்டப்படி அப்பா இறந்த அன்றே அம்மா, அண்ணன், நீங்கள் மூன்று பேருக்கும் சம பங்கு. அம்மா பங்கு இப்போது உங்கள் இருவருக்கும் பாதி பாதி. மொத்தத்தில் வீட்டில் சரிபாதி உங்களுடையது. 40 பவுனைப் பங்கில் கழிக்கச் சட்டத்தில் இடமில்லை. கழித்துக்கொள்ளலாம் என்று நீங்களாகச் சம்மதித்தால் அது வேறு.

சார், தாத்தா வாங்கிய இடத்தை அப்பா விற்கப் பார்க்கிறார். பேரன் நான் தடுக்க முடியுமா? தாத்தா இறந்தது 1978, உயில் கிடையாது.

முடியாது தம்பி. தாத்தா தன் காசில் வாங்கி 1956-க்குப் பிறகு இறந்தால், வாரிசாக வரும் பங்கு உங்கள் அப்பாவின் சொந்தச் சொத்து. 1986-லேயே உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. "தாத்தா சொத்து பேரனுக்கு" என்று டீக்கடையில் சொல்வார்கள். அத்தைகள் இருந்தால் அவர்கள் பங்கை அப்பாவால் விற்க முடியாது, அதை வேண்டுமானால் விசாரியுங்கள்.

பட்டா மாற்ற ஒரு கையெழுத்து வேண்டும் என்று தம்பி எங்கள் மூன்று அக்காமாரையும் அடுத்த வாரம் பத்திர ஆபீஸுக்கு வரச் சொல்கிறான். போகலாமா?

பட்டா மாற்ற நீங்கள் எதற்குப் பத்திர ஆபீஸ் வரவேண்டும்? பட்டா தாலுகா ஆபீஸ் விஷயம். பத்திர ஆபீஸில் கைரேகை வைத்து, போட்டோ எடுத்து, சார்பதிவாளர் முன்னால் "சம்மதமா" என்று கேட்டால் அது பெரும்பாலும் விடுதலைப் பத்திரம். பாகத்தை விட்டுக்கொடுக்கிறீர்கள் என்று அர்த்தம்.

நான் எத்தனையோ பார்த்துவிட்டேன். அக்காமார் புதுப் புடவை கட்டி வருவார்கள், தம்பி காபி வாங்கிக் கொடுப்பான், எல்லோரும் சிரித்துப் பேசுவார்கள், நான் வாசிக்க ஆரம்பித்தால் "வாசிக்க எல்லாம் வேணாம் அண்ணே, நம்ம தம்பிதானே" என்பார்கள். ஆறு மாதம் கழித்து அதே இடம் கைமாறியிருக்கும், அந்த அக்கா நகலை எடுத்துக்கொண்டு என்னிடம் வந்து "இதை ரத்து பண்ண என்ன செலவாகும்" என்று கேட்பார். நீங்கள் ஒருவராகப் போய் அதை ரத்து செய்ய முடியாது. ஏமாற்றி வாங்கியது என்று சிவில் கோர்ட்டில் நிரூபிக்க வேண்டும், அதுவும் மோசடி தெரிந்து 3 வருடத்துக்குள்.

விட்டுக்கொடுப்பது தப்பு என்று சொல்லவில்லை. மனதாரக் கொடுப்பதென்றால் கொடுங்கள், வரைவை மூன்று நாள் முன்னால் வாங்கி வீட்டில் வேறு யாரையாவது வாசிக்கச் சொல்லுங்கள். பணம் வாங்கினால் வாங்கிய தொகையை அப்படியே எழுதச் சொல்லுங்கள். "அன்பினால் பிரதிபிரயோஜனம் இல்லாமல்", அதாவது பதிலுக்கு எதுவும் வாங்காமல், என்று எழுதிவிட்டு, பின்னால் ரொக்கம் தருகிறேன் என்றால் அந்த ரொக்கத்துக்குச் சாட்சி கடவுள்தான். செலவு அதிகமாகும் என்று பயமுறுத்தினாலும் நம்பாதீர்கள். குடும்பத்துக்குள் விடுதலையோ பாகப் பிரிவினையோ எழுத முத்திரைத் தீர்வை 1 சதவீதம், 2023 ஜூலையில் உயர்த்தியபோது அதற்கு உச்சவரம்பு 40,000 ரூபாய், பதிவுக் கட்டணத்துக்கு 10,000 ரூபாய் என்று வைத்தார்கள்.

அப்பாவின் பேங்க் டெபாசிட்டுக்கு சின்னண்ணன் நாமினி. மொத்தப் பணமும் தன்னுடையது என்கிறார்.

நாமினி என்பவர் பணத்தை வாங்கி வைத்திருப்பவர், அவ்வளவே. பேங்க் அவரிடம் கொடுத்ததில் தப்பில்லை, அவர் பங்கு வைக்காமல் இருப்பதுதான் தப்பு. பேங்க்கோடு சண்டை போட்டு நேரத்தை வீணாக்காதீர்கள். ஒன்று மட்டும் கவனியுங்கள்: ஆயுள் காப்பீட்டில் 2015 திருத்தத்துக்குப் பிறகு, பெற்றோர், கணவன் மனைவி, பிள்ளைகள் நாமினியாக இருந்தால் அந்தப் பணம் பொதுவாக அவர்களுக்கே சொந்தம். டெபாசிட்டையும் பாலிசியையும் ஒரே பையில் போட்டுக் குழப்பிக்கொண்டால் பேச்சே முடியாது.

ஒன்பது வருடம் படுத்த படுக்கையாக இருந்த அம்மாவைப் பார்த்துக்கொண்டது நான். வெளிநாட்டில் இருந்துகொண்டு மாதம் ஒரு போன் பண்ணின இரண்டு அண்ணன்களும் இப்போது சமபங்கு கேட்கிறார்கள். வீடு அம்மா பேரில். அப்பா முன்பே போய்விட்டார். இது நியாயமா?

நியாயமில்லை தங்கச்சி. ஆனால் சட்டம் மூன்றில் ஒன்று என்றுதான் சொல்லும். மலம் அள்ளிப் போட்டதற்கும் ராத்திரி விழித்ததற்கும் அதில் பத்தி கிடையாது. அம்மா நினைவோடு இருந்தபோது ஒரு உயிலோ தான செட்டில்மெண்ட்டோ எழுதியிருந்தால் கதை வேறு. கேட்க உங்களுக்கு வாய் வந்திருக்காது, எனக்குப் புரிகிறது.

இப்போது செய்யக்கூடியது, வீட்டுக்காக உங்கள் கையிலிருந்து போனதைத் தனியாக எழுதுங்கள்: சொத்து வரி, கூரை ஒழுகியதை அடைத்தது, மோட்டார் மாற்றியது. ரசீது உள்ளதை முதல் பக்கத்திலும் இல்லாததை அடுத்த பக்கத்திலும் வையுங்கள். மருத்துவச் செலவை மூன்றாம் பக்கத்தில். கோர்ட் முதல் பக்கத்தைத்தான் பார்க்கும் என்றாலும், அண்ணன்களிடம் மூன்றையும் காட்டுங்கள். "நான்தான் பார்த்துக்கிட்டேன்" என்று சொன்னால் "நாங்க பணம் அனுப்பலையா" என்று திருப்பிச் சொல்வார்கள். தேதி போட்ட கணக்கு முன்னால் இருந்தால் குரல் இறங்குவதை என் பெஞ்சிலேயே பார்த்திருக்கிறேன். ஒரு குடும்பத்தில் அண்ணன் அதைப் பாதிவரை வாசித்துவிட்டு, வீட்டை நீயே வைத்துக்கொள், என் பங்குக்குப் பாதி விலை கொடு போதும் என்றார். எல்லா அண்ணனும் அப்படி இருப்பார் என்று சத்தியம் பண்ண மாட்டேன்.

பெரியண்ணன் 14 வருடமாக அப்பா வீட்டில் இருக்கிறார், மாடி வாடகையும் அவருக்கே. மூலப் பத்திரத்தைக் காட்டுவதில்லை. 12 வருடம் தாண்டினால் அவருக்கே சொந்தமாமே?

கூட்டுச் சொந்தக்காரர் ஒருவர் குடியிருந்தால் எல்லோருக்காகவும் இருக்கிறார் என்றுதான் சட்டம் எடுத்துக்கொள்ளும். "உனக்கு உரிமையே இல்லை" என்று வெளிப்படையாக மறுத்து, அதற்குப் பிறகு 12 வருடம் ஓடியது என்று அவர் நிரூபிக்க வேண்டும். அதனால்தான் சொல்கிறேன், அவர் மறுத்து நோட்டீஸ் அனுப்பினால் அதை மேஜை டிராயரில் போட்டுத் தூங்காதீர்கள்.

மூலப் பத்திரம் அவரிடமே இருக்கட்டும். வில்லங்கச் சான்றும் சான்றிட்ட நகலும் பதிவுத்துறையில் வாங்கலாம். பாக வழக்கில் வாடகைக் கணக்கையும் சேர்த்துக் கேளுங்கள். வழக்கு வருடக்கணக்கில் போகும். முதல்நிலைத் தீர்ப்பில் பங்கு மட்டும் முடிவாகும், பிறகு கோர்ட் அனுப்பும் கமிஷனர் வந்து அளப்பார், அதற்கப்புறம்தான் இறுதித் தீர்ப்பு.

வாரிசுச் சான்றிதழில் என் பேரையே விட்டுவிட்டான் தம்பி!

பங்கு போகாது. தாசில்தாரிடம் பிறப்புச் சான்றும் பள்ளிச் சான்றும் வைத்து மனுக் கொடுங்கள், கேட்கவில்லை என்றால் கோட்டாட்சியர். உடனே கொடுங்கள், அந்தச் சான்றிதழை வைத்து உங்கள் தம்பி விற்றுவிட்டால் வாங்கியவனோடும் சேர்த்து வழக்காட வேண்டிவரும்.

அப்பா இறந்த பதினாறாம் நாள் அண்ணி ஒரு உயிலை எடுத்து நீட்டினார். வெள்ளைத் தாள், பதிவு இல்லை. செல்லுமா?

செல்லலாம். உயிலுக்கு முத்திரைத்தாளும் பதிவும் கட்டாயமில்லை. ஆனால் இரண்டு சாட்சி கையெழுத்து வேண்டும், அவர்களில் ஒருவராவது கோர்ட்டில் வந்து சொல்ல வேண்டும். அப்பா அந்தத் தேதியில் ஆஸ்பத்திரியில் இருந்தாரா, எப்போதும் கையெழுத்துப் போடுபவர் ஏன் கைநாட்டு வைத்தார், சாட்சிகள் யார், இதையெல்லாம் பாருங்கள். சந்தேகத்தைத் தீர்க்க வேண்டிய பொறுப்பு உயிலை நீட்டியவருக்கு.

அம்மாவின் நகை 22 பவுன். பெண்கள் மூன்று பேர், ஒரு அண்ணன். பேச்செடுத்தாலே அழுகையாக இருக்கிறது. இதற்கும் பத்திரம் உண்டா?

நகைக்குப் பத்திரம் வேண்டாம். நம்பகமான ஆசாரியிடம் எடை போட்டு, எடைக்கு எடை நான்கு கூறாகப் பிரியுங்கள், கொஞ்சம் கூடக்குறைய வந்தால் பணத்தில் சரிக்கட்டுங்கள். அப்புறம் திருவுளச்சீட்டு, வீட்டில் சின்னப் பிள்ளையை விட்டு எடுக்கச் சொல்லுங்கள். யாருக்கு எது என்று ஒரு நோட்டில் எழுதி நான்கு பேரும் கையெழுத்துப் போடுங்கள். என் சொந்த அத்தை வீட்டில் இப்படித்தான் நடந்தது. சீட்டு எடுத்து முடிந்து இலை போட்ட நேரத்தில், பெரியவள் தனக்கு விழுந்த அட்டிகையைக் கழற்றி, தனக்கு விழுந்த காசுமாலையைப் பார்த்துக்கொண்டே இருந்த கடைசித் தங்கையிடமிருந்து பதிலுக்கு அதை வாங்காமலே, அவள் மடியில் வைத்துவிட்டுச் சாப்பிடப் போய்விட்டாள். நோட்டில் அந்த வரியை அடித்துத் திருத்த யாரும் என்னைக் கூப்பிடவில்லை.