மூடி வைத்த லேப்டாப் நிஜமாகவே தூங்குகிறதா? – கேள்வி பதில்

இந்த முறை வந்த கேள்விகளில் பெரும்பாலானவை ஒரே இடத்தைச் சுற்றுகின்றன. மூடி வைத்த லேப்டாப் சூடாகிறது, நடுராத்திரியில் தானாக எழுகிறது, காலையில் எழ மறுக்கிறது, பேட்டரி நிற்பதில்லை. எழுதியவர்களில் சிலர் அதற்குள் புது பேட்டரி வாங்கிவிட்டார்கள், சிலர் விண்டோஸையே அழித்துப் புதிதாகப் போட்டுவிட்டார்கள். காசைச் செலவழிக்கும் முன் லேப்டாப்பிடமே கேட்டுவிடலாம். எப்போது தூங்கியது, எது எழுப்பியது என்பதையெல்லாம் விண்டோஸ் தானே குறித்து வைக்கிறது.

அதைக் கேட்கும் கட்டளையின் பெயர் பவர்சிஎஃப்ஜி. 'பவர்' என்ற ஆங்கிலச் சொல்லோடு சி, எஃப், ஜி என்ற 3 எழுத்துகளையும் ஒட்டி ஒரே சொல்லாகத் தட்டவேண்டும். ஸ்டார்ட் மெனுவில் கமாண்ட் பிராம்ப்டைத் தேடி, வலது கிளிக் செய்து, அட்மினிஸ்ட்ரேட்டராகத் திறந்துகொள்ளுங்கள். கீழே 'ஸ்லாஷ்' என்று நான் எழுதும் இடமெல்லாம் பவர்சிஎஃப்ஜி, ஓர் இடைவெளி, அப்புறம் ஸ்லாஷ், அதோடு ஒட்டி அடுத்த சொல் ஆங்கில எழுத்தில் என்று பொருள்.

திருப்பூர், பனியன் ஏற்றுமதி நிறுவனத்தில் மெர்ச்சண்டைசர்: சாயங்காலம் லேப்டாப்பை மூடிப் பையில் வைத்துக் கோவைக்கு பஸ் ஏறுகிறேனுங்க. இறங்கும்போது பை சுடுது. 80 சதவீதம் இருந்த சார்ஜ் 50-க்கு வந்துடுது. வாங்கி ஒரு வருசம்தான் ஆகுது, பேட்டரி போச்சுங்களா?

பேட்டரி மேல் தப்பு இருக்க வாய்ப்பு குறைவு. லேப்டாப் தூங்கவே இல்லை என்றுதான் நினைக்கிறேன்.

பழைய லேப்டாப்களில் ஸ்லீப் என்றால் எஸ்3 என்ற நிலை. ரேம் நினைவகத்துக்கு மட்டும் கொஞ்சம் மின்சாரம் போகும், மற்ற எல்லாம் அணைந்துவிடும். விண்டோஸ் 8 வந்த 2012-லிருந்து மைக்ரோசாஃப்ட் வேறு வழிக்கு மாறத் தொடங்கியது. இன்று அதன் பெயர் மாடர்ன் ஸ்டாண்ட்பை. போனைப் போலத் திரை மட்டும் அணையும், உள்ளே மெயில் வரும், வைஃபை இணைந்திருக்கும், அப்டேட் இறங்கும். கடை ஷட்டரை இறக்கிவிட்டு உள்ளே விளக்கு போட்டுக் கணக்கு பார்ப்பதுபோலத்தான். 2020-க்குப் பிறகு வந்த பெரும்பாலான பிசினஸ் லேப்டாப்களில் இந்த ஒரு நிலைதான் உண்டு, எஸ்3 கிடையாது. டிரைவரோ செயலியோ உள்ளே மாட்டிக்கொண்டால் பிராசசர் ஓடிக்கொண்டே இருக்கும். மேஜை மேல் இருந்தால் காற்றோட்டத்தில் சூடு போய்விடும். பைக்குள் அதற்கு வழியில்லை. அதுவும் சித்திரை வெயிலில் பஸ்ஸின் மேல்தட்டில் பை கிடந்தால் கேட்கவே வேண்டாம்.

முதலில் ஸ்லாஷ் ஏ தட்டிப் பாருங்கள். உங்கள் லேப்டாப்பில் எந்தெந்தத் தூக்க நிலைகள் உண்டு என்று சொல்லும். 'எஸ்0 லோ பவர் ஐடில்' என்று வந்தால் நான் சொன்ன வகைதான். அடுத்து ஸ்லாஷ் ஸ்லீப்ஸ்டடி. இதுதான் முக்கியம். கடந்த 3 நாட்களின் தூக்கத்தை ஓர் அறிக்கையாக எழுதித் தரும். ஒவ்வொரு தடவையும் எத்தனை சதவீதம் சார்ஜ் போனது, எந்தச் சாதனம் அல்லது செயலி விழித்திருந்தது என்பது அதில் இருக்கும். பெரும்பாலும் வைஃபை டிரைவரோ, மூடாமல் விட்ட மீட்டிங் செயலியோ மேலே நிற்கும். டிரைவரை லேப்டாப் தயாரிப்பாளரின் தளத்திலிருந்து புதுப்பியுங்கள். விண்டோஸுக்கு முன்னால் ஓடும் அடிப்படை மென்பொருளான பயாஸையும் சேர்த்துப் பாருங்கள். தூக்கக் கோளாறுகள் பல பயாஸ் அப்டேட்டில்தான் தீர்கின்றன.

ஆனால் அதெல்லாம் சரியாகும் வரை காத்திருக்க வேண்டாம். இன்று சாயங்காலமே செய்யக்கூடிய வேலை ஒன்று உண்டு. பையில் போகும் லேப்டாப்புக்கு ஹைபர்னேட்தான் சரி. திறந்திருக்கும் வேலையை டிஸ்க்கில் எழுதிவிட்டு லேப்டாப் முழுதாக அணைந்துவிடும். திறந்தால் விட்ட இடத்திலிருந்து தொடரும். கண்ட்ரோல் பேனலில் பவர் ஆப்ஷன்ஸ் போய், மூடியை மூடினால் என்ன செய்யவேண்டும் என்ற பக்கத்தைத் திறங்கள். பேட்டரியில் ஓடும்போது ஹைபர்னேட், சார்ஜரில் இருக்கும்போது ஸ்லீப் என்று வைத்துக்கொள்ளுங்கள். பட்டியலில் ஹைபர்னேட் இல்லையென்றால் ஸ்லாஷ் ஹெச், இடைவெளி, ஆன் என்று தட்டினால் வந்துவிடும்.

சிலர் எஸ்3-ஐத் திரும்பக் கொண்டுவர முடியுமா என்று கேட்கிறார்கள். சில திங்க்பேட் மாடல்களின் பயாஸில் ஸ்லீப் ஸ்டேட் என்ற இடத்தில் லினக்ஸ் என்று மாற்றினால் எஸ்3 கிடைக்கும். ஆனால் ஏற்கெனவே போட்டிருக்கும் விண்டோஸ் அதை ஏற்காமல், புதிதாகப் போடவேண்டி வரலாம். அலுவலக லேப்டாப்பில் இந்த வேலை வேண்டாம்.

உடுமலை, தணிக்கையாளர்: தினமும் ஹைபர்னேட் செய்தால் எஸ்எஸ்டி சீக்கிரம் தேய்ந்துவிடும் என்கிறார்களே?

கணக்குப் போட்டுப் பார்ப்போம். 16 ஜிபி ரேம் என்றால் ஹைபர்னேட் கோப்பு வழக்கமாக அதில் 40 சதவீதம், ஏறத்தாழ 6.4 ஜிபி. ஒரு நாளைக்கு 2 தடவை, வருடத்துக்கு 300 வேலை நாள் என்றால் 4 டிபிக்கும் குறைவு. 150 டிபி வரை எழுதலாம் என்று உத்தரவாதம் உள்ள டிஸ்க்குக்கு இந்த ஒரு வேலை மட்டும் 35 வருடத்துக்கு மேல் தாங்கும். தைரியமாகச் செய்யுங்கள்.

ஈரோடு, மஞ்சள் மண்டி அலுவலகம்: ராத்திரி மூடாமல் ஸ்லீப்பில் விட்டுப் போகிறோம். காலையில் வந்தால் ஃபேன் ஓடிக்கொண்டிருக்கிறது. ஆளே இல்லாத அறையில் யார் எழுப்புவது?

ஸ்லாஷ் லாஸ்ட்வேக் தட்டினால் கடைசியாக எழுப்பியது எது என்று வரும். ஸ்லாஷ் வேக்டைமர்ஸ் தட்டினால் அடுத்து எழுப்பக் காத்திருப்பது எது என்று தெரியும்.

எழுப்புவது பெரும்பாலும் மூன்றில் ஒன்றாக இருக்கும். அப்டேட் அல்லது பேக்கப்புக்கு வைத்த அலாரம் என்றால் பவர் பிளானின் அட்வான்ஸ்டு பகுதியில் வேக் டைமர்களை நிறுத்திவிடுங்கள். நெட்வொர்க் கார்டு என்றால் டிவைஸ் மேனேஜரில் அதன் பவர் மேனேஜ்மென்ட் பகுதிக்குப் போய், மேஜிக் பாக்கெட் (எழுப்புவதற்கென்றே நெட்வொர்க்கில் அனுப்பும் செய்தி) வந்தால் மட்டும் எழுப்பு என்பதை டிக் செய்யுங்கள். மூன்றாவது மவுஸ். மேஜை அதிர்ந்தாலே ஆப்டிகல் மவுஸ் நகர்ந்ததாக நினைத்துக்கொள்ளும். மண்டி வாசலில் ராத்திரி லாரி லோடு இறங்குகிறது என்றும் எழுதியிருந்தீர்கள், அதனால் என் சந்தேகம் மவுஸ் மேல்தான். அதற்கும் டிவைஸ் மேனேஜரில், கணினியை எழுப்பும் அனுமதியை எடுத்துவிடலாம். மேஜையை விட்டுப் போகும்போது ஹைபர்னேட் செய்தால் மவுஸ் தொல்லையே இல்லை.

கோவை, கணபதி, லேத் பட்டறை: டிராயிங் பார்க்க லேப்டாப்பை பெஞ்சில் வைத்தால் திடீர் திடீரென்று திரை அணைந்து தூங்கிவிடுகிறது. ஆபீஸ் அறையில் இந்தப் பிரச்சினையே இல்லை. சர்வீஸில் போர்டு மாற்றச் சொல்கிறார்கள்.

போர்டை மாற்றாதீர்கள்! பெஞ்சில் டயல் கேஜின் மேக்னெட் ஸ்டாண்ட் இருக்கிறதா பாருங்கள். லேப்டாப்பின் திரைச் சட்டத்தில் ஒரு சின்னக் காந்தம் இருக்கும். கீழே விசைப்பலகைப் பக்கத்தில் அதை உணரும் ஹால் சென்சார் இருக்கும். காந்தம் நெருங்கினால் மூடி மூடிவிட்டது என்று லேப்டாப் எடுத்துக்கொள்ளும். மேக்னெட் ஸ்டாண்ட், மேக்னெட் சக், மேக்னெட் வார் வைத்த கைக்கடிகாரம் எதுவும் இதைச் செய்யும். ஒரு லேப்டாப் மேல் இன்னொன்றை வைத்தாலும் இதே கதைதான்.

உறுதி செய்ய, ஈவன்ட் வியூவரில் சிஸ்டம் பதிவுகளைத் திறந்து கெர்னல்-பவர் என்ற மூலத்தில் 506 அல்லது 42 எண் பதிவைப் பாருங்கள். காரணம் 'லிட்' என்று இருந்தால் காந்தம்தான். அந்த ஸ்டாண்டைத் தள்ளி வையுங்கள், அவ்வளவுதான்.

கரூர், வீட்டு உபயோகத் துணி ஏற்றுமதி: சாப்பிட்டுவிட்டு வந்து லேப்டாப்பை எழுப்பினால் டிஜிட்டல் கையொப்பத்துக்கான டிஎஸ்சி டோக்கன் தெரியமாட்டேன் என்கிறது. பிடுங்கிச் செருகினால் வருது. சுங்கத்துறையின் ஐஸ்கேட் தளத்தில் பில் போடும் நேரத்தில் இது பெரிய இம்சைங்க.

மின்சாரம் மிச்சம் பிடிக்க விண்டோஸ் சும்மா இருக்கும் யுஎஸ்பி சாதனங்களைத் தூங்க வைக்கும். டோக்கனுக்குச் சில சமயம் திரும்ப எழத் தெரிவதில்லை. பவர் பிளானின் அட்வான்ஸ்டு பகுதியில் யுஎஸ்பி செலக்டிவ் சஸ்பெண்டை நிறுத்துங்கள். டிவைஸ் மேனேஜரில் ஒவ்வொரு யுஎஸ்பி ரூட் ஹப்புக்கும் பவர் மேனேஜ்மென்ட் பகுதியில் முதல் டிக்கை எடுங்கள். புது மாடல்களில் இந்த இடங்கள் மறைந்திருக்கலாம். அப்படியென்றால் கையொப்பம் போடும் வேலை முடியும்வரை ஸ்லீப் நேரத்தை நீட்டிவைப்பதுதான் வழி.

மவுஸ், பிரிண்டர், டோக்கன் மூன்றையும் ஒரே சின்ன ஹப்பில் செருகியிருந்தால் அதையும் மாற்றுங்கள். யுஎஸ்பி 2 போர்ட் தருவது 500 மில்லிஆம்பியர்தான். டோக்கனை நேராக லேப்டாப்பில் செருகுங்கள். டோக்கன் தெரிந்தும் கையொப்பம் விழவில்லையென்றால் எம்சைனர் போன்ற மென்பொருளை மூடித் திறந்தால் போதும்.

நாமக்கல், லாரி புக்கிங் ஆபீஸ்: டேலி டேட்டா என் லேப்டாப்பில் இருக்கிறது. நான் டீ குடிக்கப் போனால் மற்ற 2 பேருக்கும் டேலி நின்றுவிடுகிறது.

உங்கள் லேப்டாப்தான் அங்கே சர்வர். சர்வர் தூங்கக் கூடாது. சார்ஜரில் இருக்கும்போது ஸ்லீப் 'நெவர்', மூடியை மூடினால் 'டூ நத்திங்' என்று வையுங்கள். வைஃபைக்குப் பதில் லேன் கேபிள். எழுதிக்கொண்டிருக்கும்போது இணைப்பு அறுந்தால் டேட்டாவே கெடலாம், அதனால் தினமும் பேக்கப் எடுங்கள். முடிந்தால் அந்த டேட்டாவை ஒரு டெஸ்க்டாப்புக்கு மாற்றிவிட்டு யுபிஎஸ் போடுங்கள்.

பெருந்துறை, சிப்காட் பக்கம் ஒரு சிறு நிறுவனம்: மாதாந்திரப் பராமரிப்புக்குக் காலை 9 மணிக்குக் கரண்ட் போனால் சாயங்காலம்தான் வருகிறது. லேப்டாப் 35 சதவீதம் என்று காட்டிக்கொண்டே பட்டென்று அணைந்துவிடுகிறது.

இங்கே பேட்டரியைச் சந்தேகிக்கலாம். ஸ்லாஷ் பேட்டரிரிப்போர்ட் தட்டுங்கள். வரும் அறிக்கையில் டிசைன் கெப்பாசிட்டி, ஃபுல் சார்ஜ் கெப்பாசிட்டி என்று 2 எண்கள் இருக்கும். முதல் எண் 50,000, இரண்டாவது 22,000 என்றால் பாதிக்கு மேல் போய்விட்டது. முதுமையடைந்த செல்லில் கொஞ்சம் பாரம் ஏறினாலே வோல்டேஜ் சட்டென்று விழும். சதவீதம் எவ்வளவு காட்டினாலும் லேப்டாப் அணைந்துவிடும். அப்போது மாற்றத்தான் வேண்டும், தயாரிப்பாளரின் பேட்டரியாக.

2 எண்களும் பக்கத்தில் பக்கத்தில் இருந்தால் அளவுமானி தப்பாகக் காட்டுகிறது. ஒருமுறை முழுக்க ஏற்றி, ஹைபர்னேட் ஆகும்வரை இறக்கி, மறுபடி முழுக்க ஏற்றுங்கள். எதுவானாலும் கிரிட்டிக்கல் பேட்டரி அளவை 5-லிருந்து ஏற்றிவைத்து, அந்த இடத்தில் ஹைபர்னேட் என்று வையுங்கள். வேலையாவது தப்பிக்கும்.

அடுத்த பேட்டரியாவது நீடிக்க ஒன்று செய்யுங்கள். வருடம் முழுக்கச் சார்ஜரிலேயே இருக்கும் லேப்டாப்புக்கு 100 சதவீதம் என்பது கெடுதல், வெப்பமும் சேர்ந்தால் இன்னும் மோசம். லெனோவாவில் வான்டேஜ், டெல்லில் ஆப்டிமைசர் (பழைய மாடல்களில் பவர் மேனேஜர்), ஹெச்பியில் பயாஸுக்குள் இருக்கும் பேட்டரி ஹெல்த் மேனேஜர் இவற்றில் 80 சதவீதத்தோடு நிறுத்தச் சொல்லலாம். பராமரிப்பு அறிவிப்பு வந்த நாளுக்கு முந்தின ராத்திரி மட்டும் 100-க்கு ஏற்றுங்கள்.

டச்பேட் மேலே எழும்பியிருந்தாலோ, அடிமூடி சரியாக உட்காராமல் இருந்தாலோ பேட்டரி உப்பியிருக்கிறது. அன்றே நிறுத்திவிடுங்கள். அழுத்தாதீர்கள், குத்தாதீர்கள், குப்பையில் போடாதீர்கள். மின்கழிவு எடுப்பவரிடம் கொடுங்கள்.

பொள்ளாச்சி, தென்னை நார் ஆலை: ரீஃபர்பிஷ்டு லேப்டாப் வாங்கினோம். சார்ஜர் போட்டாலும் பேட்டரி ஏறுவதில்லை, லேப்டாப்பும் ஆமை வேகம்.

சார்ஜரை அடையாளம் கண்டுகொள்ளவில்லை. உருண்டை முனை உள்ள டெல் சார்ஜர்களில் நடுவில் இருக்கும் மெல்லிய ஊசிதான் எத்தனை வாட் என்று லேப்டாப்புக்குச் சொல்கிறது. அது வளைந்திருந்தாலோ, நகல் சார்ஜராக இருந்தாலோ லேப்டாப் பேட்டரியை ஏற்றாமல் பிராசசரின் வேகத்தையும் குறைத்துக்கொள்ளும். டைப்-சி என்றால் சார்ஜர் மேல் 20 வோல்ட், 3.25 ஆம்பியர் என்று எழுதியிருக்கிறதா பாருங்கள், அதுதான் 65 வாட். போன் சார்ஜர் இதற்குப் பற்றாது. கேபிளும் முக்கியம், சாதாரண 3 ஆம்பியர் கேபிள் 60 வாட்டுக்கு மேல் தராது.

கோபி, பள்ளி அலுவலகம்: எழுப்பினால் விளக்கு எரிகிறது, திரை மட்டும் கறுப்பு.

கேப்ஸ் லாக்கைத் தட்டுங்கள். அதன் விளக்கு மாறினால் லேப்டாப் விழித்துவிட்டது, திரைதான் வரவில்லை. விண்டோஸ் விசை, கன்ட்ரோல், ஷிஃப்ட், பி நான்கையும் சேர்த்து அழுத்தினால் கிராஃபிக்ஸ் டிரைவர் புதிதாகத் தொடங்கும். பெரும்பாலும் திரை வந்துவிடும். விளக்கு மாறவில்லையென்றால் சார்ஜர், டாக் எல்லாவற்றையும் கழற்றிவிட்டுப் பவர் பொத்தானை 30 விநாடி அழுத்திப் பிடியுங்கள்.

அடிக்கடி வருகிறது என்றால் ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப்பை நிறுத்துங்கள். அது இருக்கும்போது ஷட் டவுன் கொடுத்தாலும் விண்டோஸின் உள்பகுதி டிஸ்க்கில் உறைந்துதான் கிடக்கும், பழைய கோளாறும் மறுநாள் கூடவே எழும். டாஸ்க் மேனேஜரில் அப் டைம் பாருங்கள். தினமும் அணைக்கும் லேப்டாப்பில் அது பல நாட்களைக் காட்டினால் காரணம் இதுதான். ரீஸ்டார்ட்டில் மட்டும்தான் எல்லாம் புதிதாகத் தொடங்கும்.

திருச்செங்கோடு, வீட்டிலிருந்து வேலை பார்ப்பவர்: நீங்கள் சொல்லும் எதையும் மாற்ற முடியவில்லை, எல்லாம் மங்கலாக இருக்கிறது. நிறுவனம் கொடுத்த லேப்டாப்.

நிறுவனத்தின் ஐடி பிரிவு பூட்டி வைத்திருக்கிறது. அதை மீற மென்பொருள் எதுவும் போடாதீர்கள், வேலைக்கே ஆபத்து. ஸ்லீப்ஸ்டடிக்கு அட்மின் அனுமதி தேவை, அதனால் அவர்களையே ஓட்டிப் பார்க்கச் சொல்லுங்கள். எந்த நாள், எத்தனை மணிக்கு மூடினீர்கள், திறந்தபோது எத்தனை சதவீதம் இருந்தது என்று 3 நாளைக்குக் குறித்து டிக்கெட்டோடு அனுப்புங்கள். அறிக்கையில் அந்த நேரத்தைத் தேடி எடுத்துவிடுவார்கள்.