சூரைச்செடியின் கீழே முதலில் வந்தது அடை

வாசகர் கேள்வி – பதில்: பணித்தளம்

(இம்முறை வந்த கடிதங்களில் பெரும்பாலானவை டெல்டா மாவட்டங்களிலிருந்து. பெயர்களை விட்டுவிட்டு ஊர்ப்பக்கத்தை மட்டும் தந்திருக்கிறோம்.)

கேள்வி: ஐந்து கிராமங்களில் ஊழியம் செய்கிறேன். ஆறேழு மாதமாக ஜெபத்தில் உட்கார்ந்தால் சுவரோடு பேசுவதுபோல் இருக்கிறது. ஆனால் பிரசங்கம் மட்டும் தடையில்லாமல் வருகிறது. தேவ பிரசன்னம் என்னை விட்டுப் போய்விட்டதா? – திருத்துறைப்பூண்டி பக்கம்

பதில்: இல்லை என்று ஒரே வார்த்தையில் சொல்லிவிடலாம். அது உங்களுக்கு உதவாது. கடிதத்தோடு நீங்கள் வைத்திருந்த வார அட்டவணையைத்தான் முதலில் பார்த்தோம். காலை நாலரைக்கு எழுந்திருக்கிறீர்கள், இரவு பதினொன்றுக்கு வீடு திரும்புகிறீர்கள். வாரத்தில் நான்கு இரவு வீட்டு ஜெபம், வெள்ளிதோறும் உபவாசம், மாதம் ஒரு முழு இரவு ஜெபம். ஓய்வு என்ற சொல்லே அதில் எங்கும் இல்லை.

வேதாகமத்தில் 1 இராஜாக்கள் 19-ஆம் அதிகாரத்தைப் பிரசங்கத்துக்காக அல்லாமல் ஒருமுறை வாசியுங்கள். எலியா தீர்க்கதரிசி சூரைச்செடியின் கீழ் உட்கார்ந்து, சாகவேண்டும் என்று கேட்கிறான். வந்த தூதன் கண்டிக்கவும் இல்லை, போதிக்கவும் இல்லை. தழலில் சுட்ட அடை, ஒரு பாத்திரம் தண்ணீர், அவ்வளவுதான். சாப்பிட்டுவிட்டு மறுபடியும் தூங்குகிறான். இரண்டாம் முறையும் எழுப்பிச் சாப்பிடச் சொல்கிறான் தூதன். அதன்பிறகே நாற்பது நாள் நடந்து ஓரேப் மலை, காற்று, பூமியதிர்ச்சி, அக்கினி, கடைசியில் அமர்ந்த மெல்லிய சத்தம். நம் பிரசங்கங்களில் மெல்லிய சத்தம் தவறாமல் வருகிறது, அடை மட்டும் விடுபட்டுப்போகிறது. உடம்பின் களைப்பு, தேவனுடைய மௌனம்போல வேஷம் போட்டு வரும். இரண்டையும் பிரித்துப் பார்க்கவேண்டுமென்றால் முதலில் களைப்பைத் தீர்க்கவேண்டும்.

எனவே நான்கு வாரத்துக்கு இப்படிச் செய்யுங்கள். உபவாசத்தையும் முழு இரவு ஜெபத்தையும் நிறுத்திவையுங்கள். தூக்கம் ஏழு மணி நேரம். வாரத்தில் ஒரு நாள் முழு விடுப்பு. ஞாயிறு உங்களுக்கு வேலை நாள், ஆகவே திங்கள் அல்லது செவ்வாய். அன்று மாலை ஆறு மணிவரை கைப்பேசி வீட்டாரிடம் இருக்கட்டும். சாவு, ஆஸ்பத்திரி என்றால் யாரைக் கூப்பிடுவது என்று ஒரு சபை மூப்பரின் எண்ணை ஐந்து கிராமத்துக்கும் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். இதைச் சொல்லாமல் போனை அணைத்தால் அடுத்த வாரமே ஏச்சு விழும், விடுப்பும் அத்தோடு முடியும்.

ஜெபத்துக்கு இருபது நிமிடம் போதும். வாரம் முழுக்க ஒரே சங்கீதம். முதல் வாரத்துக்கு 13-ஆம் சங்கீதம். மொத்தம் ஆறே வசனம். வாய்விட்டு வாசியுங்கள். 1, 2 வசனங்கள் முறையீடு: "கர்த்தாவே, எதுவரைக்கும் என்னை மறந்திருப்பீர்?" இங்கேதான் பத்து நிமிடமாவது நிற்கவேண்டும். "பாரமாயிருக்கிறது ஆண்டவரே" என்று பொதுவாகச் சொல்லித் தாண்டிவிடாதீர்கள். வாடகை பாக்கியா, பிள்ளையின் காய்ச்சலா, வராமல் நின்றுபோன குடும்பமா, பேர் சொல்லி வையுங்கள். 3, 4 விண்ணப்பம். 5, 6 நம்பிக்கை. அந்தக் கடைசி இரண்டு வசனத்துக்கு மனசு வராவிட்டால் நான்காவதோடு எழுந்துவிடுங்கள். 88-ஆம் சங்கீதம் கடைசிவரை இருட்டிலேயே முடிகிறது. அதையும் வேதத்தில்தான் வைத்திருக்கிறார்கள்.

இதில் கெட்டுப்போகும் இடம் ஒன்று உண்டு. மூன்றாம் நாள் வாசிக்கும்போது, "இது மூன்று பகுதியாகப் பிரிகிறதே, ஞாயிற்றுக்கிழமைக்கு ஆகுமே" என்று தோன்றும், கை பேனாவைத் தேடும். அந்த நொடியில் ஜெப அறை பட்டறையாகிவிடுகிறது. உங்களுக்குப் பிரசங்கம் சரளமாக வருவதன் ரகசியமும் இதுதான் என்று நினைக்கிறோம்: வாசிப்பதெல்லாம் சபைக்குப் போகிறது, உங்களுக்கென்று எதுவும் தங்குவதில்லை. பேனா, நோட்டு எதுவும் பக்கத்தில் வேண்டாம். நல்ல கருத்தாக இருந்தால் சனிக்கிழமை அதுவே திரும்பி வரும்.

தினமும் முடித்தவுடன் "இன்றைக்கு ஏதாவது உணர்ந்தேனா" என்று பார்க்கவும் வேண்டாம். நட்ட நாற்று முதலில் வெளிறித்தான் நிற்கும். பச்சை பிடித்ததா என்று பிடுங்கிப் பார்ப்பவர் உண்டா?

கேள்வி: புயல், வெள்ளம் என்றால் வீடு வீடாகப் போகிறோம். "உங்க சாமி ஏன் இப்படிப் பண்ணுச்சு?" என்று கேட்கிறார்கள். என்ன சொல்வது? – வேதாரண்யம் பக்கம்

பதில்: காரணம் சொல்லாதீர்கள். 2018 நவம்பர் 16 அதிகாலையில் கஜா கரையைக் கடந்த பகுதி உங்களுடையது. ஒரே ராத்திரியில் தோப்பு சாய்ந்துபோனவரிடம் "இதற்கும் ஒரு நோக்கம் உண்டு" என்பது, நம் பதற்றத்தை அவர் தலையில் இறக்கிவைப்பது. வேதத்தில், எல்லாவற்றையும் இழந்த யோபுவின் நண்பர்கள் ஏழு நாள் இரவும் பகலும் தரையில் உட்கார்ந்து ஒரு வார்த்தையும் பேசவில்லை. அதுவரை அவர்கள்மேல் குற்றமில்லை, வாயைத் திறந்த பிறகுதான் எல்லாம் கெட்டது. "தெரியலைங்க" என்பது மிக நல்ல பதில். சொல்லிவிட்டு எழுந்துவிடாமல் திண்ணையில் உட்கார்ந்திருப்பது அதைவிட நல்ல பதில்.

கையில் என்ன கொண்டுபோவது என்பதும் இதில் சேர்த்திதான். கீற்று பறந்த வீட்டுக்கு ஒரு தார்ப்பாயும், கட்டுவதற்குக் கயிறும். தார்ப்பாய் மட்டும் கொடுத்துக் கயிறு கொடுக்காமல் வருவது வழக்கமாக நடக்கும் பிழை. மெழுகுவத்தி, தீப்பெட்டி, கொசுவத்தி. உப்பு–சர்க்கரைக் கரைசல் பொட்டலம் கொடுத்தால், கொதிக்கவைத்து ஆறிய 1 லிட்டர் தண்ணீரில் ஒரு முழுப் பொட்டலத்தையும் கரைக்கவேண்டும், 24 மணி நேரத்துக்கு மேல் வைக்கக்கூடாது என்று சொல்லிக் கொடுங்கள். பாதிப் பொட்டலத்தை ஒரு சொம்பில் போடுவார்கள். சம்பா சாய்ந்த வீடென்றால், அடங்கலுக்காக (யார் எந்த நிலத்தில் என்ன பயிர் வைத்தார் என்ற கிராமக் கணக்கு) கிராம நிர்வாக அலுவலர் அலுவலகத்துக்குக் கூடப் போங்கள். குத்தகைக்குச் செய்பவர்களுக்கு அந்தத் துணை இன்னும் அதிகம் வேண்டும்.

தெரு முழுவதற்கும் கொடுங்கள், விசுவாசி வீடு என்று பார்த்துக் கொடுக்காதீர்கள். கொடுக்கும் இடத்தில் கூட்டம் வைக்காதீர்கள், படம் எடுக்காதீர்கள். ஜெபிக்கலாமா என்று கேளுங்கள்; வேண்டாம் என்றால் முகம் மாறாமல் தண்ணீர் வாங்கிக் குடித்துவிட்டு வாருங்கள். சரி என்றால் இரண்டு நிமிடம், வீட்டிலுள்ளவர்களின் பேரைச் சொல்லி, சாதாரணக் குரலில். இழப்பில் இருப்பவரின் கையில் பொருளைக் கொடுத்துவிட்டு மனசைக் கேட்பது சுவிசேஷமல்ல, வியாபாரம்.

கேள்வி: கணவர் ஊழியத்தில் இருக்கிறார். ஊருக்கு நான் ஐயரம்மா, போதகர் மனைவி. எல்லாருக்கும் ஆறுதல் சொல்கிறேன். எனக்குள் விசுவாசமே இல்லாததுபோல் இருக்கிறது. தூக்கமில்லை. வெளியே சொன்னால் சாட்சி கெடும் என்று பயம். – பாபநாசம் பக்கம்

பதில்: அம்மா, சொன்னால் சாட்சி கெடாது. ஆனால் சபைக்குள் சொல்லவேண்டாம். பக்கத்து வட்டாரத்தில் உங்களைவிட மூத்த ஒரு ஐயரம்மாவையோ, வேறு சபையிலுள்ள ஒரு தோழியையோ தேர்ந்தெடுங்கள். ஜெபக்குறிப்பாகக்கூட இது கூட்டத்தில் வாசிக்கப்படக்கூடாது என்று முதலிலேயே சொல்லிவிடுங்கள்.

தூக்கமின்மை, எதிலும் பிடிப்பின்மை, காரணமில்லாத அழுகை இரண்டு வாரத்துக்கு மேல் நீடித்தால் மருத்துவரைப் பாருங்கள். 14416 என்ற மனநல உதவி எண்ணில் தமிழிலேயே பேசலாம். செத்துப்போகலாம் என்ற எண்ணம் வந்தால் இரண்டு வாரம் காத்திருக்கவேண்டாம், அன்றைக்கே. மாத்திரை சாப்பிடுவது அவிசுவாசம் என்று யாராவது சொன்னால், அவர் சர்க்கரைக்கு என்ன சாப்பிடுகிறார் என்று கேளுங்கள்.

பணத்தைப் பற்றி நீங்கள் கடைசியில் எழுதியிருந்தது சின்ன விஷயமல்ல. ஊழியக் காணிக்கைக்கு ஒரு நோட்டு, வீட்டுச் செலவுக்கு ஒரு நோட்டு, இரண்டு பை. மளிகைக் கடன் ஊழியப் பையிலிருந்து போவதும், கூட்டத்துக்கு வந்தவர்களின் சாப்பாடு வீட்டுப் பையிலிருந்து போவதும் நின்றாலே வீட்டுச் சண்டையில் பாதி குறையும்.

கேள்வி: பன்னிரண்டு வருடத்தில் இரண்டே குடும்பம். தேவன் இந்த இடத்தில் இல்லையோ? – பொறையாறு பக்கம்

பதில்: உங்களுக்குப் பக்கத்திலேயே, அந்நாளில் டேனிஷ்காரர் கையில் இருந்த தரங்கம்பாடி இருக்கிறது. ஜெர்மானிய மிஷனரி சீகன்பால்கு 1706 ஜூலை 9-இல் அங்கே வந்திறங்கினார். 1708 இறுதியில் டேனிஷ் தளபதியே அவரைப் பிடித்துக் கோட்டையில் ஏறத்தாழ நான்கு மாதம் அடைத்துவைத்தார். தமிழில் புதிய ஏற்பாடு அச்சாகி முடிந்தது 1715-இல். 1719-இல், 36 வயதில் இறந்தார். தமிழர் ஒருவர், ஆரோன், போதகராக அபிஷேகம் பெற்றது 1733 டிசம்பரில், சீகன்பால்கு இறந்து பதினான்கு ஆண்டு கழித்து. அவர் அதைப் பார்க்கவே இல்லை.

இதை வைத்து சோம்பலை மூடிக்கொள்ளவும் கூடாது. அந்த இரண்டு வீட்டுக்கும் கடைசியாக எப்போது, ஜெபம் வைக்காமல், சும்மா போனீர்கள்? அவர்களுடைய கஷ்டம் உங்களுக்குத் தெரியுமா? அவர்களில் ஒருவராவது உங்களுக்காக ஜெபித்ததுண்டா? ஆள் எண்ணிக்கை எழுதும் பதிவேட்டில் இந்த மூன்றுக்கும் பத்தி இருக்காது.

கேள்வி: கூட ஊழியம் செய்கிறவர்களே என்னைப் பற்றி அவதூறு பரப்புகிறார்கள். எதிரி அடித்தால் தாங்கலாம், இதைத் தாங்க முடியவில்லை. – முத்துப்பேட்டை பக்கம்

பதில்: மறுப்புக் கடிதம் எழுதி எல்லாருக்கும் அனுப்பாதீர்கள், கேட்காதவர்களும் கேட்டுக்கொள்வார்கள். பணம், பெண் தொடர்பான குற்றச்சாட்டு என்றால் கணக்குப் புத்தகத்தோடு நீங்களே மேலதிகாரியிடம் போய் விசாரிக்கச் சொல்லுங்கள். மற்றவற்றை விட்டுவிடலாம்.

2 தீமோத்தேயு நாலாம் அதிகாரத்தைப் பாருங்கள். ஒருவனும் என்னோடு நிற்கவில்லை என்கிறார் பவுல். அடுத்த வரியிலேயே, "கர்த்தரோ எனக்குத் துணையாக நின்று" என்கிறார். இவ்வளவு பெரிய அறிக்கை இருக்கும் அதே அதிகாரத்தில், துரோவாவில் கார்ப்பு வீட்டில் விட்டுவந்த மேலங்கியைக் கொண்டுவா, புஸ்தகங்களைக் கொண்டுவா, மாரிகாலத்துக்குமுன் வந்துசேர் என்றும் கேட்கிறார். கர்த்தர் துணை நின்றதால் போர்வை தேவையில்லை என்று அவர் நினைக்கவில்லை. நீங்களும் நம்பிக்கையான ஒருவருக்கு எழுதுங்கள்: வந்து இரண்டு நாள் என்னோடு தங்கு என்று, தேதி போட்டு. ஐப்பசியில் அடைமழை பிடித்தால் உங்கள் ஊருக்குப் பேருந்து வராது என்று எழுதியிருக்கிறீர்கள். கடிதத்தைப் புரட்டாசிக்குள் போட்டுவிடுங்கள்.